காலாட்படைச் சுடுதிறன் விதிகளின் சோதனை ஆட்டம்

சிற்றுருவப் போர் விளையாட்டுகளில் காலாட்படையினர் சுடும்போது என்ன விளைவு ஏற்படும் என்பதைத் தீர்மானிக்கும் விதிகள் சுடுதிறன் விதிகள் எனப்படும். இவ்விதிகளை வெளியிடுவதற்கு முன்னர் மேசையில் மீண்டும் மீண்டும் ஆடிப் பார்த்து, குறைகளைக் கண்டறிந்து திருத்தும் செயல்முறை சோதனை ஆட்டம் ஆகும். ஒரு போர் விளையாட்டில் மிகுதியாகப் பயன்படும் விதிகள் பெரும்பாலும் காலாட்படை சுடும் விதிகளே என்பதால், அவற்றில் உள்ள சிறு பிழையும் ஆட்டம் முழுவதையும் பாதிக்கும்.

சுடுதிறன் விதி ஒன்று தாளில் சரியாகத் தோன்றினாலும் மேசையில் தவறான போரை உருவாக்கக்கூடும். துப்பாக்கியின் வீச்சு, சுடும் வேகம் போன்ற எண்களை அப்படியே விதியாக மாற்றினால், வரலாற்றில் நிகழ்ந்ததைவிடப் பன்மடங்கு உயிரிழப்பு ஏற்படுவது வழக்கம். ஆகவே "எத்தனை பேர் இறந்தனர்?" என்பதைவிட "சுடப்பட்டவர்கள் அடுத்து என்ன செய்ய முடிந்தது?" என்பதே சோதனை ஆட்டத்தின் மையக் கேள்வியாகிறது.

சிற்றுருவப் போர் விளையாட்டு

சிற்றுருவப் போர் விளையாட்டில் ஈயக் கலவை அல்லது நெகிழியால் ஆன சிறிய வீரர் உருவங்கள், குன்று, வேலி, வீடு போன்ற நில அமைப்புகளின் மாதிரிகள் அமைக்கப்பட்ட மேசையில் நகர்த்தப்படுகின்றன. சதுரங்கத்தில் இருப்பது போன்ற கட்டங்கள் பொதுவாக இருப்பதில்லை. நகரும் தொலைவும் சுடும் தொலைவும் அளவுகோலால் அளக்கப்படுகின்றன. சதுரங்கத்தில் ஒரு காய் மற்றொன்றை வெட்டுவது உறுதியான செயல். போர் விளையாட்டில் சுடுவதன் விளைவு உறுதியற்றது. அந்த உறுதியின்மையைக் காட்டப் பகடைகள் பயன்படுகின்றன.

பெரும்பாலான விதிகளில் சுடுதல் பின்வரும் படிகளைக் கொண்டிருக்கும்:

- இலக்கு கண்ணுக்குத் தெரிகிறதா, வீச்செல்லைக்குள் இருக்கிறதா எனப் பார்த்தல்
- சுடுவோரின் எண்ணிக்கை, ஆயுதம் ஆகியவற்றுக்கு ஏற்பப் பகடைகளை எடுத்தல்
- தொலைவு, மறைப்பு, பயிற்சி ஆகியவற்றுக்கு ஏற்பத் தேவையான எண்ணைக் கூட்டியோ குறைத்தோ பகடைகளை உருட்டுதல்
- பட்ட குண்டுகளின் விளைவை (இறப்பு, முடக்கம், பின்வாங்கல்) முடிவு செய்தல்

வரலாறு

பிரசியாவின் கிரீக்ஸ்பீல்

சுடுதிறனை எண்களாக மாற்றும் முயற்சி பிரசியாவில் தெளிவான வடிவம் பெற்றது. கியோர்க் லியோபோல்ட் ஃபான் ரைஸ்விட்ஸ் என்பவர் 1812ஆம் ஆண்டில் பிரசிய மன்னருக்கு ஒரு போர் விளையாட்டு மேசையைக் காட்டினார். அவருடைய மகனான பீரங்கிப் படை அதிகாரி இளைய ரைஸ்விட்ஸ், அதை மேம்படுத்தி 1824இல் விதிநூலாக வெளியிட்டார். இவ்விளையாட்டு கிரீக்ஸ்பீல் எனப்பட்டது. இதற்கு 1:8000 அளவுத்திட்டம் கொண்ட நிலப்படங்கள் பயன்பட்டன. ஒரு சுற்று 2 நிமிடப் போரைக் குறித்தது. இரு தரப்பினரும் கட்டளைகளை எழுதிக் கொடுக்க, நடுவர் ஒருவர் அவற்றை நிலப்படத்தில் நிறைவேற்றினார்.

இவ்விதிகளில் சூட்டின் விளைவு தொலைவுக்கு ஏற்ப அட்டவணைகளில் தரப்பட்டது. ஒரே நிலையில் ஒரே படை சுட்டாலும் ஒவ்வொரு முறையும் ஒரே விளைவு வராது என்பதைக் காட்டத் தனியாக உருவாக்கப்பட்ட பகடைகள் பயன்பட்டன. இழப்புகள் புள்ளிகளாகச் சேர்த்துக் கணக்கிடப்பட்டன. படைத் தலைமைப் பணியகத்தின் தலைவராக இருந்த கார்ல் ஃபான் முஃப்லிங் இவ்விளையாட்டைப் படையினருக்குப் பரிந்துரைத்தார்.

துப்பாக்கிகள் மாறியபோது அட்டவணைகளும் மாற வேண்டியிருந்தது. 1862இல் ஃபான் சிஷ்விட்ஸ் புதுப்பித்த விதிகளை வெளியிட்டார். விதிகளும் அட்டவணைகளும் பெருகியதால் ஆட்டம் மிக மெதுவானது. 1876இல் யூலியஸ் ஃபான் வெர்டி டு வெர்னுவா, அட்டவணையையும் பகடையையும் விட்டுவிட்டு, போர் அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பையே முடிவாகக் கொள்ளும் முறையை முன்வைத்தார். இது கட்டற்ற கிரீக்ஸ்பீல் எனப்பட்டது. துல்லியம், வேகம் ஆகிய இரண்டில் எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்ற இந்தச் சிக்கல் இன்றைய சோதனை ஆட்டங்களிலும் தொடர்கிறது.

எச். ஜி. வெல்ஸ்

ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட "லிட்டில் வார்ஸ்" என்னும் நூல், பொழுதுபோக்குப் போர் விளையாட்டின் தொடக்க நூல்களுள் ஒன்று. இதில் பகடை இல்லை. வில்சுருளால் இயங்கும் பொம்மைப் பீரங்கியால் உண்மையாகவே சுட்டு எதிரி உருவங்களை வீழ்த்த வேண்டும். காலாட்படையினருக்குத் துப்பாக்கிச் சூடு தரப்படவில்லை. அவர்கள் ஒரு சுற்றில் ஓர் அடி நகர்ந்து எதிரியை நெருங்கிக் கைகலப்பில் ஈடுபடலாம். குதிரைப்படை இரண்டு அடி நகரலாம்.

தம் விதிகள் எவ்வாறு உருவாயின என்பதை வெல்ஸ் அந்நூலில் விவரிக்கிறார். ஆடிப் பார்த்தபோது எழுந்த சிக்கல்களுக்கு ஏற்ப விதிகள் சேர்க்கப்பட்டன. நகர்த்தலுக்கு நேர வரம்பு அவ்வாறு வந்த ஒன்றாகும். அவ்வகையில் அந்நூலைச் சோதனை ஆட்டத்தின் பதிவாகவும் கொள்ளலாம்.

பிற்காலம்

1950களுக்குப் பின்னர் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் இப்பொழுதுபோக்கு பரவியது. ஜாக் ஸ்க்ரூபி 1957இல் "வார் கேம் டைஜஸ்ட்" இதழைத் தொடங்கினார். டொனால்ட் ஃபெதர்ஸ்டோனின் "வார் கேம்ஸ்" 1962இலும், சார்ல்ஸ் கிராண்டின் "தி வார் கேம்" 1971இலும் வெளிவந்தன. இக்காலகட்டத்தில் பகடை உருட்டி இழப்பைக் கண்டு, வீழ்ந்த உருவங்களை மேசையிலிருந்து அகற்றும் முறை பரவலானது. பின்னர் வந்த வடிவமைப்பாளர்கள், உருவங்களை அகற்றுவதைவிட மனவுறுதி குலைவதையும் முடக்கத்தையும் முதன்மைப்படுத்தத் தொடங்கினர்.

தரவுகளின் சிக்கல்

சுடுதிறன் விதிகளுக்கு மூலமாகப் பயன்படும் தரவுகள் இரு வகையின. ஒன்று சுடுதளச் சோதனை முடிவுகள். மற்றொன்று போர்க்களப் பதிவுகள். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகின்றன.

மஸ்கெட் துப்பாக்கிக் காலத்துக்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் பிரசியச் சோதனையில், 100 அடி நீளமும் 6 அடி உயரமும் கொண்ட இலக்கை நோக்கி வீரர்கள் சுட்டனர். 225 கசத் தொலைவில் 25 விழுக்காடும், 150 கசத்தில் 40 விழுக்காடும், 75 கசத்தில் 60 விழுக்காடும் குண்டுகள் இலக்கில் பட்டன. இதை அப்படியே விதியாக்கினால், நிமிடத்துக்கு இரண்டு முறை சுடும் 500 பேர் கொண்ட பட்டாலியன் 75 கசத் தொலைவிலுள்ள எதிரியின் மீது ஒரே நிமிடத்தில் 600 குண்டுகளைப் பாய்ச்சிவிடும். உண்மைப் போர்களில் இவ்வாறு நிகழவில்லை. அக்காலத்தில் இரு அணிகள் அருகருகே நின்று நெடுநேரம் சுட்டுக்கொண்ட நிகழ்வுகள் பல உள்ளன.

இவ்வேறுபாட்டுக்கான காரணங்கள் பின்வருமாறு:

- வெடிமருந்துப் புகை இலக்கை மறைத்தது
- தொடர்ந்து சுட்டதால் துப்பாக்கிக் குழலில் கரி படிந்தது. தீக்கல் தேய்ந்து பல முறை வெடிக்காமல் போனது
- அச்சத்திலும் அவசரத்திலும் வீரர்கள் குறிபார்க்காமல் சுட்டனர்
- சோதனையின் இலக்கு இடைவெளியற்ற பலகை; உண்மை அணியில் வீரர்களுக்கு இடையில் வெற்றிடம் உண்டு
- முதல் சூட்டுக்குப் பின்னர் சேர்ந்து சுடும் ஒழுங்கு குலைந்தது

பி. பி. ஹியூஸ் 1974இல் வெளியிட்ட "ஃபயர்பவர்" என்னும் நூல், 1630 முதல் 1850 வரையிலான ஆயுதங்களின் போர்க்களப் பயனை ஆராய்ந்தது. சுடுதள எண்களை அப்படியே நம்பக்கூடாது என்பதை உணர்த்த இந்நூல் விதி வடிவமைப்பாளர்களுக்கு உதவியது.

போர்க்களப் பதிவுகளும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை அல்ல. எஸ். எல். ஏ. மார்ஷல் 1947இல் வெளியிட்ட "மென் அகென்ஸ்ட் ஃபயர்" என்னும் நூலில், இரண்டாம் உலகப் போரில் சண்டையில் ஈடுபட்ட அமெரிக்கக் காலாட்படையினருள் 15 முதல் 25 விழுக்காட்டினரே துப்பாக்கியைப் பயன்படுத்தினர் என்றார். ஆனால் இந்த எண்ணுக்கு அடிப்படையான முறையான கணக்கெடுப்பு நடந்ததற்குச் சான்றில்லை என ரோஜர் ஸ்பில்லர் 1988இல் சுட்டிக்காட்டினார். மார்ஷலின் எண்ணை நம்பி ஒரு விதியை எழுதினால், ஐயத்துக்குரிய ஒரு கூற்று மேசையில் உண்மை போலவே இயங்கும்; ஆடுபவரும் அதை வரலாறாகவே கற்றுக்கொள்வார். விதியின் மூலத்தையும் ஆராய்வது சோதனையின் ஒரு பகுதி எனக் கருதப்படுவது இதனால்தான்.

அளவுத்திட்டச் சிக்கல்

மேசையில் உருவங்களின் அளவும் நிலத்தின் அளவும் பொதுவாகப் பொருந்துவதில்லை. 28 மில்லிமீட்டர் உருவங்கள் ஏறத்தாழ 1:56 அளவுத்திட்டத்தைச் சேர்ந்தவை. இவ்வகை விளையாட்டுகளில் ரைபிளின் வீச்சு பல நேரங்களில் 24 அங்குலம், அதாவது 61 சென்டிமீட்டர் எனத் தரப்படுகிறது. உருவங்களின் அளவுத்திட்டப்படி இது 34 மீட்டர் மட்டுமே. 300 மீட்டர் தொலைவை அதே அளவுத்திட்டத்தில் காட்ட 5 மீட்டருக்கும் நீளமான மேசை தேவை.

ஆகவே வீச்செல்லை சுருக்கப்படுகிறது. இதனால் ஏற்படும் விளைவு உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. வீச்செல்லையைச் சுருக்கி நகரும் வேகத்தை அப்படியே விட்டால், தாக்குபவர் சூட்டுக்குள் இருக்கும் சுற்றுகளின் எண்ணிக்கை குறைந்துவிடும். சுடுதிறன் என்பது அட்டவணையில் மட்டும் இல்லை. நகரும் வேகத்திலும் மறைந்திருக்கிறது.

எடுத்துக்காட்டாக, 10 பேர் கொண்ட தற்காப்புக் குழு ஒரு சுற்றில் சராசரியாக 2.5 பேரை வீழ்த்துவதாகக் கொள்வோம். தாக்குபவர்கள் 24 அங்குலத் தொலைவில் தொடங்கி ஒவ்வொரு சுற்றும் 6 அங்குலம் முன்னேறினால், அவர்கள் 18, 12, 6 அங்குலத் தொலைவுகளில் மூன்று முறை சுடப்பட்டு, நான்காம் நகர்வில் எதிரியை அடைவர். சராசரி இழப்பு 7.5 பேர். நகரும் வேகத்தை 8 அங்குலமாக உயர்த்தினால், 16, 8 அங்குலங்களில் இரண்டு முறை மட்டுமே சுடப்படுவர். சராசரி இழப்பு 5 பேராகக் குறைகிறது. சுடும் அட்டவணையில் ஓர் எண்ணைக்கூடத் தொடாமலேயே சுடுதிறன் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

நிகழ்தகவு

சராசரியும் பரவலும்

இரண்டு விதிகள் ஒரே சராசரியைத் தந்தாலும் ஆட்டத்தில் வேறுபட்ட அனுபவத்தைத் தரக்கூடும். பின்வரும் இரு விதிகளை ஒப்பிடலாம்.

முதல் விதி: 10 வீரர்களுக்கு 10 பகடைகள். 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் குண்டு படும். பட்ட ஒவ்வொன்றுக்கும் மீண்டும் உருட்டி 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஒருவர் வீழ்வார். ஒரு பகடைக்கான வாய்ப்பு 1/4; சராசரி இழப்பு 2.5.

இரண்டாம் விதி: குழு முழுவதற்கும் ஒரே பகடை. விழுந்த எண்ணிலிருந்து 1 கழித்தால் கிடைப்பதே இழப்பு. சராசரி இழப்பு இதிலும் 2.5.

முதல் விதியில் இழப்பே இல்லாமல் போகும் வாய்ப்பு 5.6 விழுக்காடு, 5 அல்லது அதற்கு மேற்பட்டோர் வீழும் வாய்ப்பு 7.8 விழுக்காடு. இரண்டாம் விதியில் இழப்பு இல்லாத வாய்ப்பும் 5 பேர் வீழும் வாய்ப்பும் தலா 16.7 விழுக்காடு. முதல் விதி ஈருறுப்புப் பரவலைப் பின்பற்றுவதால் விளைவுகள் நடுவில் குவிகின்றன. இரண்டாம் விதியில் எல்லா விளைவுகளும் சம வாய்ப்புடையவை. முதல் விதியில் ஆட்டக்காரர் திட்டமிட முடியும். இரண்டாவது விரைவாக முடியும், ஆனால் ஒரே உருட்டலில் போர் திரும்பிவிடக்கூடும்.

கூட்டல் கழித்தல் விதிகள்

அறுமுகப் பகடையில் ஒன்றைக் கழிப்பது எல்லா நிலையிலும் ஒரே மதிப்புடையதன்று. தேவையான எண் 3இலிருந்து 4ஆக உயர்ந்தால், வாய்ப்பு 4/6இலிருந்து 3/6ஆகக் குறைகிறது. இது நான்கில் ஒரு பங்கு இழப்பு. தேவையான எண் 5இலிருந்து 6ஆக உயர்ந்தால், வாய்ப்பு 2/6இலிருந்து 1/6ஆகப் பாதியாகிறது. ஆகவே ஒரே வேலி, நன்கு பயிற்சி பெற்றவர் சுடும்போது சிறிதளவும், பயிற்சியற்றவர் சுடும்போது மிகுதியாகவும் பாதுகாப்பு அளிக்கிறது. தொலைவு, மறைப்பு, நகர்ந்துகொண்டே சுடுதல் ஆகிய மூன்றும் சேரும்போது சுடுவதே இயலாததாகிவிடலாம்.

உருட்டல்களின் எண்ணிக்கை

சில விதிகளில் குண்டு பட ஒரு முறை, காயப்படுத்த ஒரு முறை, இலக்கு தப்பிக்க ஒரு முறை என மூன்று உருட்டல்கள் உள்ளன. 1987இல் வெளிவந்த வார்ஹாமர் 40,000 இம்முறையைக் கையாண்டது. படுவதற்கு 4, காயத்துக்கு 4, தப்பிக்க 5 தேவை எனில், ஒருவர் வீழும் வாய்ப்பு 1/2 x 1/2 x 2/3 = 1/6. ஒரு பகடையை ஒரே முறை உருட்டி 6 பெறும் வாய்ப்பும் இதுவே. மூன்று உருட்டல்கள் ஆயுதம், உடற்கவசம் போன்ற வேறுபாடுகளைத் தனித்தனியே காட்ட உதவுகின்றன. மறுபுறம், ஆட்ட நேரத்தை நீட்டிக்கின்றன. கூடுதல் உருட்டல் ஆட்டக்காரருக்கு ஏதேனும் ஒரு முடிவெடுக்கும் வாய்ப்பைத் தருகிறதா என்பதே சோதனையில் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

சோதனையின் நிலைகள்

சோதனை ஆட்டங்களைப் பொதுவாகப் பின்வரும் நிலைகளாகப் பிரிக்கலாம்:

1. எண் சோதனை: விதியின் நிகழ்தகவைத் தாளிலோ கணினி நிரலிலோ கணக்கிடுதல். நிரல் மூலம் ஒரே சூட்டைப் பல்லாயிரம் முறை நடத்திப் பார்க்கலாம். ஆனால் மனிதர் எடுக்கும் முடிவுகளை நிரல் காட்டாது.
2. கூறுச் சோதனை: முழுப் போரையும் ஆடாமல், இரண்டு குழுக்களை எதிரெதிரே வைத்துச் சுடுதலை மட்டும் ஆடிப் பார்த்தல்.
3. முழு ஆட்டம்: நகர்வு, கட்டளை, மனவுறுதி ஆகியவற்றுடன் சேர்த்து ஆடுதல். கூறுச் சோதனையில் சரியாக இருந்த விதி இங்குப் பிழையாகலாம்.
4. வடிவமைப்பாளர் இல்லாத சோதனை: விதிநூலை மட்டும் பிறரிடம் கொடுத்து ஆடச் செய்தல். எழுத்தில் உள்ள தெளிவின்மை இந்நிலையிலேயே வெளிப்படும்.
5. உடைக்கும் சோதனை: வெற்றி ஒன்றையே நோக்கமாகக் கொண்டவர், விதியின் ஓட்டைகளைத் தேடி ஆடுதல்.

நான்காம் நிலை மிக முதன்மையானது. வடிவமைப்பாளர் அருகில் இருந்தால், எழுதப்படாத விளக்கத்தை வாயால் சொல்லிவிடுவார். அப்போது சோதிக்கப்படுவது விதிநூல் அன்று. அவருடைய நினைவே ஆகும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்ய வேண்டும் என்பது இச்சோதனைகளின் அடிப்படை நெறி. வீச்செல்லையையும் பகடை எண்ணிக்கையையும் ஒருசேர மாற்றினால், எது விளைவை மாற்றியது என்று அறிய இயலாது.

மாதிரிச் சூழல்கள்

சுடுதிறன் விதியைச் சோதிக்கச் சில நிலையான சூழல்கள் பயன்படுகின்றன.

சமமான சூட்டுப் பரிமாற்றம்: சம பலமுள்ள இரு குழுக்கள் வெட்டவெளியில் சுட்டுக்கொள்ளுதல். முதலில் சுடுபவருக்கு எவ்வளவு நன்மை என்பது இதில் தெரியும். ஒவ்வொரு வீரரும் 1/4 வாய்ப்புடன் ஒருவரை வீழ்த்துவார் எனில், 10 பேர் கொண்ட இரு குழுக்கள் மாறி மாறிச் சுடும்போது, மூன்று பரிமாற்றங்களுக்குப் பின்னர் முதலில் சுட்ட குழுவில் சராசரியாக 5.8 பேரும், மற்றதில் 3.8 பேரும் எஞ்சுவர். திறமையோ திட்டமோ காரணமாக அன்றி, வரிசை முறையால் மட்டுமே ஏற்பட்ட வேறுபாடு இது. படைகளின் எண்ணிக்கைக்கும் இழப்புக்கும் உள்ள இத்தகைய தொடர்பைப் பிரித்தானியப் பொறியியலாளர் லான்செஸ்டர் 1914-1916 காலத்தில் சமன்பாடுகளாகத் தந்தார்.

வெட்டவெளித் தாக்குதல்: தற்காப்பில் உள்ள படையை நோக்கி வெட்டவெளியில் முன்னேறுதல். இதற்கு வரலாற்றில் நல்ல எடுத்துக்காட்டு 1870 ஆகத்து 18 அன்று நடந்த கிராவலாட் போரில் சென் பிரிவா ஊரின் மீதான தாக்குதல் ஆகும். பிரான்சியரின் சாஸ்போ ரைபிள், பிரசியரின் ட்ரைசே ஊசித் துப்பாக்கியைவிட ஏறத்தாழ இரு மடங்கு தொலைவு சுடவல்லது. சரிவான வெட்டவெளியில் முன்னேறிய பிரசியக் காவற்படை சுமார் 8,000 பேரை இழந்தது. பின்னர் பீரங்கிச் சூடும், வடக்குப் புறத்திலிருந்து வந்த சாக்சனியப் படையின் உதவியும் சேர்ந்தபோதே ஊர் கைப்பற்றப்பட்டது. அக்காலப் போருக்கான விதி இவ்விரு விளைவுகளையும் தர வேண்டும். முதல் தாக்குதல் எளிதில் வென்றால் சுடுதிறன் குறைவு. இரண்டாவதும் எப்போதும் தோற்றால் சுடுதிறன் மிகை.

மறைப்பில் உள்ள இலக்கு: கல் சுவருக்குப் பின்னால் உள்ள குழுவைச் சுடுதல். சூட்டினால் மட்டுமே அக்குழுவை முற்றாக அழிக்க முடிந்தால், எவரும் நெருங்கிச் சென்று தாக்க மாட்டார்கள்.

சூடும் நகர்வும்: ஒரு குழு சுட்டு எதிரியை முடக்க, மற்றொரு குழு பக்கவாட்டில் சென்று தாக்குதல். 20ஆம் நூற்றாண்டுக் காலாட்படையின் அடிப்படை உத்தி இதுவே. ஆட்டக்காரர் இந்த உத்தியைக் கையாளும்போது, இரு குழுக்களும் நின்று சுடுவதைவிடக் கூடுதல் பயன் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால், இழப்பு எண்கள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் விதி தவறானதே எனலாம்.

வெளியான விதிகளில் எடுத்துக்காட்டுகள்

கிராஸ்ஃபயர்: ஆர்ட்டி கான்லிஃப் வடிவமைத்து 1996இல் வெளிவந்த இரண்டாம் உலகப் போர் விதிகள். இதில் வீச்செல்லை அளக்கப்படுவதில்லை; கண்ணுக்குத் தெரிந்தால் சுடலாம். ஒரு ரைபிள் குழு மூன்று பகடைகளை உருட்டும். 5 அல்லது 6 விழுந்தால் படும். ஒன்று பட்டால் இலக்கு முடங்கும், இரண்டு பட்டால் அடக்கப்படும், மூன்றும் பட்டால் அழியும். மறைப்பில்லா இலக்குக்கு இவற்றின் வாய்ப்புகள் முறையே 44.4, 22.2, 3.7 விழுக்காடு ஆகும். அதாவது 27 முறை சுட்டால் சராசரியாக ஒரு முறையே இலக்கு முற்றாக அழிகிறது. சுடுவதன் முதன்மைப் பயன் கொல்வதன்று, நகரவிடாமல் தடுப்பதே என்ற கருத்து இவ்வெண்களிலேயே அமைந்துள்ளது.

ஃபிளேம்ஸ் ஆஃப் வார்: நியூசிலாந்து நிறுவனமான பேட்டில்ஃபிரண்ட் 2002இல் வெளியிட்டது. இதன் தொடக்கப் பதிப்புகளில் ஒரு படைப்பிரிவின் மீது ஒரே சுற்றில் 5 குண்டுகள் பட்டால், எவரும் இறக்காவிட்டாலும் அப்பிரிவு முடங்கும்.

போல்ட் ஆக்சன்: ரிக் பிரீஸ்ட்லி, அலெசியோ கவடோரே ஆகியோர் வடிவமைத்து 2012இல் வெளிவந்தது. ஒரு தரப்பு முழுவதும் ஆடி முடித்த பின்னர் மறுதரப்பு ஆடும் முறைக்கு மாற்றாக, பையிலிருந்து எடுக்கப்படும் கட்டளைப் பகடை அடுத்து எத்தரப்பு செயல்படும் என்பதைத் தீர்மானிக்கிறது. இது முதலில் சுடுபவரின் நன்மையைச் சிதறடிக்கிறது. சூட்டுக்கு உள்ளான குழு முடக்கக் குறிகளைப் பெறும். ஒவ்வொரு குறியும் அக்குழுவின் சூட்டைக் குறைக்கும். முதல் பதிப்பில் இலகு இயந்திரத் துப்பாக்கிக்கு 3 பகடைகளும் நடுத்தர இயந்திரத் துப்பாக்கிக்கு 4 பகடைகளும் இருந்தன. இயந்திரத் துப்பாக்கிகள் வலிமை குறைந்தவையாக உள்ளன என்ற கருத்து ஆட்டக்காரரிடையே நிலவியது. 2016இல் வந்த இரண்டாம் பதிப்பில் இவ்வெண்கள் முறையே 4, 5 என உயர்த்தப்பட்டன. வெளியீட்டுக்குப் பின்னரும் சோதனை தொடர்கிறது என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

செயின் ஆஃப் கமாண்ட்: ரிச்சர்ட் கிளார்க் வடிவமைத்து 2013இல் வெளிவந்தது. பட்ட குண்டு இறப்பாகவோ அதிர்ச்சிப் புள்ளியாகவோ மாறும். இதில் பிரென் துப்பாக்கிக்கு 6 பகடைகளும், செருமானியரின் எம்ஜி 42க்கு 8 பகடைகளும் தரப்பட்டன. எம்ஜி 42 நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,200 குண்டுகளையும், பிரென் ஏறத்தாழ 500 குண்டுகளையும் சுடவல்லவை. எந்திர வேகத்தின் விகிதம் 2.4, பகடைகளின் விகிதம் 1.33. விரைவாகச் சுடும் ஆயுதம் குண்டுகளை விரைவாகத் தீர்த்துவிடும், குழலும் சூடேறும், ஒரே இலக்கில் பல குண்டுகள் வீணாகும். ஆகவே எந்திர வேகம் அதே விகிதத்தில் போர்க்களப் பயனாக மாறுவதில்லை.

அடிக்கடி காணப்படும் குறைகள்

- அளவுக்கு மீறிய உயிரிழப்பு: இரண்டு சுற்றுகளில் ஆட்டம் முடிந்துவிடுதல். உத்திக்கு இடமில்லாமல் போகிறது.
- பயனற்ற சூடு: சுடுவதைவிட ஓடிச் சென்று கைகலப்பதே எப்போதும் மேலானதாக இருத்தல்.
- எல்லைக்கோட்டில் நிற்றல்: வீச்செல்லை 24 அங்குலம் எனில், ஆட்டக்காரர் 24.5 அங்குலத்தில் படையை நிறுத்துதல். உண்மைப் படைத்தலைவருக்கு இத்தகைய துல்லியம் கிடைப்பதில்லை.
- ஒரே இலக்கில் குவித்தல்: எல்லாக் குழுக்களும் ஒரே எதிரிக் குழுவைச் சுட்டு அழித்துப் பின் அடுத்ததற்குச் செல்லுதல். அருகில் உள்ள இலக்கையே முதலில் சுட வேண்டும் என்ற விதி இதற்குத் தீர்வாகச் சேர்க்கப்படுவதுண்டு.
- இறுதி வீரர் சிக்கல்: குழுவில் எவர் வீழ்ந்தாலும் இயந்திரத் துப்பாக்கி மட்டும் கடைசிவரை சுட்டுக்கொண்டே இருத்தல்.

எத்தனை ஆட்டங்கள் தேவை?

சில ஆட்டங்களை மட்டும் வைத்து விதியை மாற்றுவது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். இரு தரப்பும் முற்றிலும் சமமான ஒரு விளையாட்டில், ஒரு குறிப்பிட்ட தரப்பு 10 ஆட்டங்களில் 7 அல்லது அதற்கு மேல் வெல்லும் வாய்ப்பு 17.2 விழுக்காடு. ஏதேனும் ஒரு தரப்பு அவ்வாறு வெல்லும் வாய்ப்பு 34.4 விழுக்காடு. அதாவது குறையே இல்லாத விதியும் மூன்றில் ஒரு முறை குறையுள்ளது போலத் தோன்றும். 100 ஆட்டங்கள் ஆடினாலும் வெற்றி விகிதத்தின் திட்டப் பிழை 5 விழுக்காட்டுப் புள்ளிகளாக இருக்கும். ஒரு முழு ஆட்டத்துக்குப் பல மணி நேரம் ஆகலாம் என்பதால், தன்னார்வக் குழுக்களால் 100 ஆட்டங்கள் ஆடுவது அரிது. எனவே எண் சோதனையும் கூறுச் சோதனையும் முழு ஆட்டத்துக்குத் துணையாகின்றன.

மனித நினைவும் நம்பத்தக்கதன்று. ஒரே வீரர் ஒரு குழுவையே வீழ்த்திய அரிய நிகழ்வு நினைவில் நிற்கும். இயல்பான இருபது சூடுகள் மறந்துபோகும். ஆகவே ஒவ்வொரு சூட்டிலும் பகடைகளின் எண்ணிக்கை, பட்டவை, விளைவு, ஆன நேரம், விதிநூலைப் புரட்ட நேர்ந்ததா என்பன எழுதி வைக்கப்படுகின்றன.

வரம்புகள்

வரலாற்று விளைவைத் தருகிறது என்பதால் மட்டும் ஒரு விதி சரியானது என்று கூறிவிட முடியாது. ஒரே போரை நோக்கி எண்களைத் திருத்திக்கொண்டே சென்றால், விதி அந்தப் போருக்கு மட்டும் பொருந்தி மற்றவற்றில் பிழையாகலாம். எனவே திருத்துவதற்கு ஒரு போரும், சரிபார்ப்பதற்கு வேறொரு போரும் பயன்படுத்தப்பட வேண்டும்.

மேலும், உண்மைச் சூட்டின் மையத்தில் இருப்பது அச்சம். மேசையின் முன் அமர்ந்திருப்பவருக்கு அது இல்லை. முடக்கக் குறி, அதிர்ச்சிப் புள்ளி, மனவுறுதிச் சோதனை ஆகியவை அனைத்தும் அந்த அச்சத்தின் இடத்தை எண்களால் நிரப்ப முயல்பவையே. ஆட்டக்காரர் தம் படையை மறைப்பை விட்டு வெளியே நகர்த்தத் தயங்குகிறார் எனில், சுடுதிறன் விதி தன் பணியைச் செய்கிறது எனக் கொள்ளலாம்.

இவற்றையும் பார்க்க

- கிரீக்ஸ்பீல்
- சதுரங்கம்
- காலாட்படை
- நிகழ்தகவு
- ஈருறுப்புப் பரவல்
- லான்செஸ்டர் விதிகள்